தலைகீழாக்கமா, சமத்துவமா?
ரொக்கேயா சகாவத் ஹுசைனின் படைப்புகள் குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

காலனித்துவ ஆட்சிக்கால இந்தியாவின் பெண் விடுதலை வரலாறு எழுதப்படும்போது, 1829ஆம் ஆண்டின் உடன்கட்டைத் தடை, 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம், 1929ஆம் ஆண்டின் குழந்தைமணத் தடைச் சட்டம் ஆகியவையே முதன்மை இடம் பெறுகின்றன. முஸ்லிம் பெண்கள் இவ்வரலாற்றில் இடம்பெறும்போது பெரும்பாலும் பிறரால் மீட்கப்பட வேண்டியவர்களாகவே காட்டப்படுகின்றனர். அவர்களைப் பற்றிப் பேசியோர் பலர். அவர்களே பேசியவற்றைச் செவிமடுத்தோர் சிலரே. இக்குறையை ஓரளவேனும் நீக்கும் நோக்கில், வங்காள முஸ்லிம் சமூகத்தில் தோன்றிய ரொக்கேயா சகாவத் ஹுசைனின் (1880-1932) படைப்புகளை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ரொக்கேயாவைப் பற்றிய மதிப்பீடுகள் இரு துருவங்களாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். 'சுல்தானாவின் கனவு' என்னும் புனைவை முன்னிறுத்துவோர் அவரைச் சமரசமற்ற புரட்சியாளராகக் காண்கின்றனர். அவர் நடத்திய பள்ளியை முன்னிறுத்துவோர், சமூகத்தின் மனம் கோணாமல் நடந்துகொண்ட மிதவாதியாக அவரைக் காண்கின்றனர். எழுத்தில் திரையைக் கிழித்தவர், பள்ளி வண்டிக்குத் திரை தைத்தார் என்பது இரு தரப்பாரையும் உறுத்தும் முரண்பாடாகும். இம்முரண்பாட்டை மூடி மறைக்கவோ பழித்து ஒதுக்கவோ தேவையில்லை. கனவையும் கட்டுரையையும் பள்ளியையும் நாவலையும் ஒருசேர வைத்து வாசிக்கும்போதுதான் அவர் கோரிய சமத்துவம் எத்தகையது என்பது புலப்படும் என்பதே நாம் இங்கு நிறுவ விழையும் கருத்து.

சீர்திருத்தத்தின் பின்புலம்

ரொக்கேயா வெற்றிடத்தில் தோன்றியவர் அல்லர். வங்காளத்தின் கொமில்லாப் பகுதியில் நிலக்கிழாராக விளங்கிய நவாப் ஃபைசுன்னிசா சௌதுராணி 1873ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கெனப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1876இல் 'ரூப்ஜலால்' என்னும் வங்காள நூலையும் வெளியிட்டார். லாகூரில் முகம்மதி பேகம் 1898 முதல் 'தஹ்ஸீபே நிஸ்வான்' என்னும் உருது மகளிர் இதழின் ஆசிரியராக விளங்கினார். 1901 முதல் 1926 வரை போபாலை ஆண்ட சுல்தான் ஜஹான் பேகம் பெண் கல்விக்கு அரச ஆதரவு நல்கியதோடு, 1920இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராகவும் பொறுப்பேற்றார். அவருடைய முன்னிலையில் 1914ஆம் ஆண்டில் அலிகாரில் அனைத்திந்திய முஸ்லிம் மகளிர் மாநாடு உருவாயிற்று.

ஆண் சீர்திருத்தவாதிகளும் பெண் கல்வியைப் பற்றிப் பேசியுள்ளனர். ஆயினும் அவர்களுட் பலர் பெண் கல்வியை இல்லத்தின் தேவையாகவே கருதினர். பெண் எதற்காகப் படிக்க வேண்டும் என்ற வினாவுக்கு, நல்ல தாயாக, நல்ல மனைவியாக, மூடப்பழக்கங்களை விட்ட நல்ல முஸ்லிமாகத் திகழ்வதற்காக என்ற விடையே பொதுவாகக் கிடைத்தது. மௌலானா அஷ்ரஃப் அலி தானவியின் 'பிஹிஷ்தி சேவர்' போன்று பெருவழக்குப் பெற்ற நூல் இந்நோக்கிற்குச் சிறந்த சான்றாகும். பெண்ணின் அறிவை அது மதித்தது. ஆனால் அந்த அறிவு வீட்டு வாசலைத் தாண்ட வேண்டுமென்று அது கோரவில்லை. ரொக்கேயா வேறுபடும் இடம் இதுவே. அவர் கேட்டது வீட்டுக்கான அறிவை மட்டுமன்று. அறிவின் வழியே உலகில் தனக்குரிய பங்கையும் கேட்டார்.

வாழ்வும் மொழித்தேர்வும்

ரங்பூர் மாவட்டத்தின் பாயராபந்த் என்னும் ஊரில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் ரொக்கேயா பிறந்தார். உயர்குடி முஸ்லிம் குடும்பங்களில் அரபும் பாரசீகமும் உருதும் மதிப்புக்குரிய மொழிகளாக விளங்கின. வங்காளமோ குடிமக்களின் மொழியெனத் தாழ்வாகக் கருதப்பட்டது. பெண்களுக்குக் குர்ஆன் ஓதுதலுக்கு அப்பால் எழுத்தறிவு தேவையில்லை என்பது பொது எண்ணம். இச்சூழலில் மூத்த சகோதரி கரீமுன்னிசா அவருக்கு வங்காளத்தையும், சகோதரர் இப்ராஹிம் சாபேர் இரவில் வீட்டார் உறங்கிய பின் விளக்கொளியில் ஆங்கிலத்தையும் கற்பித்தனர். பாகல்பூரில் துணை நீதிபதியாகப் பணியாற்றிய சையது சகாவத் ஹுசைனை மணந்த பின்னரும், உருது பேசும் அச்சூழலில் வங்காளத்தை அவர் கைவிடவில்லை.

இம்மொழித்தேர்வு ஆய்வாளர் கவனத்திற்குரியது. உயர்குடி மதிப்பைத் தரும் உருதுவை விட்டு, பெரும்பான்மை வங்காள முஸ்லிம்கள் பேசிய மொழியில் எழுதத் துணிந்தமை, அவருடைய வாசகர் யார் என்பதை அறிவிக்கும் செயலாகும். தாய்மொழிக் கல்விக்காக நெடுங்காலம் போராடிய சமூகத்தைச் சேர்ந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். எனினும் அவர் கல்கத்தாவில் நடத்திய பள்ளியில் உருதுவே நெடுங்காலம் பயிற்று மொழியாக இருந்தது. பெண்களைப் பள்ளிக்கு அனுப்ப முன்வந்த குடும்பங்கள் பெரும்பாலும் உருது பேசியவை என்பதே அதற்குக் காரணம். எழுத்தில் ஒன்றும் நிறுவனத்தில் மற்றொன்றுமாக அமையும் இந்நிலையை நாம் மேலும் பல இடங்களில் காண்போம்.

சென்னையில் வெளிவந்த கனவு

'சுல்தானாவின் கனவு' ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சிறு புனைவு. அது முதன்முதலில் 1905ஆம் ஆண்டில் வெளியானது கல்கத்தாவில் அன்று, சென்னையில். கமலா சத்தியநாதனை ஆசிரியராகக் கொண்டு 1901 முதல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் மகளிர் இதழே அதனை வெளியிட்டது. 1908இல் அது நூல்வடிவம் பெற்றது. ஒரு வங்காள முஸ்லிம் பெண்ணின் கற்பனை, கிறித்தவப் பெண்மணி ஒருவர் நடத்திய சென்னை இதழின் வழியாக வாசகரை அடைந்தது என்பது, அக்காலப் பெண்கள் சமய, மொழி, மாகாண எல்லைகளைக் கடந்து தங்களுக்கென ஒரு வாசக உலகை உருவாக்கிக் கொண்டிருந்தனர் என்பதைக் காட்டுகிறது. தமிழ்நாட்டு இதழியல் வரலாற்றிலும் இச்செய்திக்கு உரிய இடம் உண்டு.

கதை எளியது. இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றிச் சிந்தித்தவாறு சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் சுல்தானாவை, சகோதரி சாரா என்னும் பெண் வெளியே அழைத்துச் செல்கிறாள். அவர்கள் சென்றடையும் பெண்ணுலகில் வீதியில் ஆண்கள் எவரும் இல்லை. அவர்கள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டுள்ளனர். பெண்களே ஆள்கின்றனர், ஆராய்கின்றனர். முக்காடின்றி நடக்கக் கூசும் சுல்தானாவைக் கண்டு வழியில் செல்லும் பெண்கள், ஆண்களைப் போல் நாணமும் அச்சமும் உடையவள் என்று நகைக்கின்றனர்.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு ரொக்கேயா தரும் விளக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அந்நாட்டு அரசி பெண்களுக்குக் கல்விச்சாலைகளை அமைத்து, 21 வயதுக்கு முன் எப்பெண்ணும் மணம் புரியலாகாது என ஆணையிடுகிறாள். ஆண்கள் படைவலிமையைப் பெருக்குவதில் ஈடுபட்டிருந்த காலத்தில், பெண்களின் பல்கலைக்கழகம் ஒன்று வளிமண்டலத்திலிருந்து நீரைப் பெறும் வழியையும், மற்றொன்று வெயிலின் வெப்பத்தைச் சேமிக்கும் வழியையும் கண்டறிகின்றன. அண்டை நாட்டுப் படையிடம் ஆண்கள் தோற்று நின்றபோது, சேமித்த வெப்பத்தைப் பகைவர்மீது பாய்ச்சி அவர்களைப் பெண்கள் விரட்டியடிக்கின்றனர். போருக்குப் புறப்படுமுன் அவர்கள் முன்வைத்த நிபந்தனையின்படி அந்தப்புரத்துக்குள் சென்ற ஆண்கள் பின்னர் வெளிவரவே இல்லை.

வலிமைக்கு மாற்றாக அறிவு என்பது இங்கு வெறும் அறவுரை அன்று. ஆட்சியாளர் தமது ஆதிக்கத்தை அறிவியலாலும் படையாலும் நியாயப்படுத்திக்கொண்ட காலத்தில் எழுதப்பட்ட கதை இது. கோகினூர் வைரத்துக்காகவோ மயிலாசனத்துக்காகவோ தாம் பிறர்மீது போர் தொடுப்பதில்லை என்று அரசி கூறுவதாக ரொக்கேயா எழுதுகிறார். மயிலாசனம் 1739இல் நாதிர் ஷாவாலும் கோகினூர் 1849இல் ஆங்கிலேயராலும் கைக்கொள்ளப்பட்டவை. பெண்களை அடைத்து வைத்தல், நாடுகளைக் கவர்தல் ஆகிய இரண்டுக்கும் ஒரே வேர் உண்டு என்பதை ஆங்கில மொழியிலேயே, ஆங்கிலேய ஆட்சியின் கீழேயே அவர் சுட்டியுள்ளார். இப்புனைவைப் பெண்விடுதலைக் கதையாக மட்டும் வாசிப்போர் இக்கூற்றைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

தலைகீழாக்கத்தின் பொருள்

இங்கு அடிப்படையான வினா ஒன்று எழுகிறது. பெண்ணை அடைத்த வீட்டில் ஆணை அடைப்பது சமத்துவமாகுமா? ஒடுக்குமுறையின் வடிவம் அப்படியே இருக்க, ஒடுக்குவோரும் ஒடுக்கப்படுவோரும் இடம் மாறுவதில் என்ன விடுதலை உள்ளது? கதையை வாசித்த சகாவத் ஹுசைனே அதனைப் பயங்கரமான பழிவாங்கல் என்று குறிப்பிட்டதாகக் கூறுவர். வகுப்பறையில் இக்கதையைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் மாணவரிடமிருந்து இவ்வினாவை எதிர்பார்க்கலாம்.

இதற்கு விடை கதையின் உரையாடலிலேயே உள்ளது. பெண்கள் வெளியே வருவது பாதுகாப்பற்றது என்று சுல்தானா கூறும்போது, மனநோயாளர் தப்பி வந்து ஊருக்கு ஊறு விளைவித்தால், அவர்களை அடைப்பீர்களா, நல்ல மனநிலையில் உள்ளவர்களை அடைப்பீர்களா என்று சாரா வினவுகிறாள். ஆணே வலிமை மிக்கவன் என்று கூறும்போது, சிங்கம் மனிதனைவிட வலிமை மிக்கதாயினும் மனிதனை ஆளவில்லையே என்கிறாள். ஆண்களே உழைப்பவர்கள் என்னும் வாதத்திற்கும் அவளிடம் கணக்கு உண்டு: அலுவலகத்தில் அவர்கள் கழிக்கும் ஏழு மணி நேரத்தில் பெரும்பகுதி சுருட்டுப் புகைப்பதிலேயே கழிகிறது.

இவ்வுரையாடல் வாதமுறை சார்ந்தது. திரையிட்ட வாழ்வை ஆதரிப்போர் எக்காரணங்களைக் கூறுகின்றனரோ, அதே காரணங்களை ஏற்றுக்கொண்டு, அவை எம்முடிவுக்கு இட்டுச் செல்கின்றன என்று காட்டுவதே ரொக்கேயாவின் முறை. ஆணால் ஆபத்து என்பதே காரணமெனில், அடைக்கப்பட வேண்டியவன் ஆணே. முடிவு பொருந்தாததாகத் தோன்றினால், காரணமே பொருந்தாதது என்பது பெறப்படும். ஆகவே ஆண்களின் சிறைவாசத்தை ரொக்கேயா முன்மொழிந்த சமூகத் திட்டமாகக் கொள்ளலாகாது. எதிர்த்தரப்பின் வாதத்தைத் தகர்க்கும் கருவியாகவே கொள்ள வேண்டும் என்பது நம் துணிபு.

எனினும் இவ்விளக்கம் கதையை முழுவதுமாகக் குறையற்றதாக ஆக்கிவிடாது. பெண்ணுலகில் அடைபட்ட ஆண்களே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கின்றனர், சமைக்கின்றனர். வீட்டுவேலை யாருடையது என்பது மாறியதே அன்றி, அடைபட்டவரே வீட்டுவேலைக்கு உரியவர் என்னும் நிலை மாறவில்லை. பொதுவெளியையும் வீட்டையும் இருபாலாரும் பகிர்ந்துகொள்ளும் உலகை இக்கனவு காணவில்லை. அதனைக் காண ரொக்கேயாவுக்கு மேலும் இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

கட்டுரைகளும் நீக்கப்பட்ட ஐந்து பத்திகளும்

ரொக்கேயாவின் வங்காளக் கட்டுரைகள் 'மோதிச்சூர்' என்னும் பெயரில் இரு தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றுள் பெண்ணினத்தின் வீழ்ச்சியைப் பற்றிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. பெண்கள் அணியும் நகைகள் அடிமைத்தனத்தின் அடையாளங்களே, கைதியின் விலங்கு இரும்பால் ஆனது, பெண்ணின் விலங்கு பொன்னால் ஆனது என்னும் கருத்தை அவர் அதில் முன்வைக்கிறார். அடிமைத்தனம் பழக்கமாகி, பழக்கம் விருப்பமாகி, விருப்பம் பெருமையாகவும் மாறிவிடும் படிமுறையை அவர் கூர்மையாக விளக்குகிறார். பெண்ணின் உள்ளமே அடிமைப்பட்டுவிட்டது என்னும் இக்கூற்று, குற்றத்தை ஆண்மீது மட்டும் சுமத்தும் எளிய வாய்பாட்டிலிருந்து அவரை வேறுபடுத்துகிறது.

1904இல் 'நவநூர்' இதழில் வெளியான இக்கட்டுரை நூலில் சேர்க்கப்பட்டபோது ஐந்து பத்திகள் நீக்கப்பட்டன. சமய நூல்களின் பெயரால் வழங்கும் விதிகளை ஆண்களே வகுத்தனர் என்றும், தலைநிமிர முயன்ற பெண் சமயத்தின் பெயராலேயே அடக்கப்பட்டாள் என்றும் அப்பத்திகள் வாதிட்டன. கடும் எதிர்ப்புக் கிளம்பியதே நீக்கத்துக்குக் காரணமாயிற்று. இதனை உத்தி என்று பாராட்டுவோர் உளர். நாம் அவ்வாறு எளிதாகக் கூற முன்வரவில்லை. அப்பத்திகளோடு ஒரு சிந்தனை வழியும் அடைபட்டது. அதன் பின்னர் ரொக்கேயா அந்த அளவுக்கு வெளிப்படையாக அவ்வழியில் செல்லவில்லை. காலனித்துவ ஆட்சியில் தன் சமயம் பழிக்கப்படுவதாக அஞ்சிய ஒரு சமூகத்துக்குள்ளிருந்து, அச்சமயத்தின் பெயரால் நடப்பவற்றைக் கேள்வி கேட்ட ஒரு பெண் கொடுத்த விலை அது.

ஆனால் அடைபட்ட வழிக்கு அருகிலேயே அவர் வேறொரு வழியைத் திறந்தார். 'அர்த்தாங்கி' என்னும் கட்டுரையில், ஒரு சக்கரம் பெரிதாகவும் மறு சக்கரம் சிறிதாகவும் உள்ள வண்டி முன்னே செல்லாது, நின்ற இடத்திலேயே சுற்றும் என்னும் உவமையைக் கையாளுகிறார். அதே கட்டுரையில் இஸ்லாமிய வாரிசுரிமைக் கணக்கை எடுத்துக்கொள்கிறார். மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு உரியது என்பது சட்டம். அவ்வாறாயின் மகனுக்கு நான்கு ஆசிரியர்களை அமர்த்தும் தந்தை, மகளுக்கு இருவரையேனும் அமர்த்துகிறாரா என்று கேட்கிறார். சொத்தில் உள்ள பாதி, அன்பிலும் கல்வியிலும் இல்லையே என்பது அவர் முறையீடு.

இவ்வாதத்தைச் சமரசம் என்று கொள்வதா, முன்னேற்றம் என்று கொள்வதா? சமமான பங்கை அவர் இங்குக் கேட்கவில்லை, பாதியைத்தான் கேட்கிறார் என்பது உண்மை. ஆயினும் சமயம் வழங்கிய அந்தப் பாதியைக்கூடச் சமயத்தின் காவலர்கள் தர மறுத்தனர் என்பதை அவர்களுடைய கணக்கைக் கொண்டே மெய்ப்பிக்கிறார். சுல்தானாவின் கனவில் கண்ட அதே வாதமுறை இது. எதிர்த்தரப்பின் அடிப்படையை ஏற்றுக்கொண்டு அதனாலேயே எதிர்த்தரப்பை மடக்குதல் அவருடைய எழுத்தின் மாறாத இயல்பு எனலாம்.

பள்ளியும் திரையிட்ட வண்டியும்

1909ஆம் ஆண்டு மே மாதம் சகாவத் ஹுசைன் மறைந்தார். அவர் பெண் கல்விக்கென ஒதுக்கிய 10,000 ரூபாயைக் கொண்டு அவ்வாண்டே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ரொக்கேயா பள்ளியைத் தொடங்கினார். குடும்பச் சொத்துப் பிணக்கினால் அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்ததும், 1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளியை மீண்டும் தொடங்கினார். 1915இல் மாணவியர் எண்ணிக்கை 84 ஆயிற்று. 1916இல் முஸ்லிம் பெண்களுக்கான சங்கமொன்றையும் நிறுவினார்.

பள்ளியின் வளர்ச்சி முழுவதும் வண்டியைச் சார்ந்திருந்தது. வீட்டிலிருந்து பள்ளிவரை பிறர் கண்ணில் படாமல் பெண்ணை அழைத்துச் செல்ல இயலுமா என்பதே பெற்றோரின் முதல் வினா. 1931இல் நூலாக வெளிவந்த 'அவரோதவாசினி'யின் 47 நிகழ்ச்சிக் குறிப்புகளுள் இறுதியானது இப்பள்ளி வண்டியைப் பற்றியதே. முதலில் வாங்கிய வண்டி காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருந்தது, அலமாரி ஒன்று நகர்ந்து வருவதுபோல் தோன்றிய அதனுள் சிறுமியர் மயங்கினர், வாந்தி எடுத்தனர். பின்னர் சாளரங்களைத் திறந்து திரையிட்டபோது, காற்றில் திரை விலகுவதால் கோஷா கெடுகிறது என்று கண்டித்துக் கடிதங்கள் வந்தன. மூடினால் பிள்ளைகள் மூர்ச்சையாவர், திறந்தால் பள்ளி காலியாகும் என்ற இக்கட்டில் அவர் நின்றார்.

தமது பள்ளியின் இந்நிலையை அவரே எழுதி வெளியிட்டார் என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. திரை தைத்தவர் திரையைப் பற்றிய நூலின் இறுதியில் தமது வண்டியையே சான்றாக வைத்தார். இதனால் முரண்பாடு மறையவில்லை. ஆனால் அது மறைக்கப்படவும் இல்லை. தம்மை மட்டும் விலக்கிவைத்துப் பிறரை விமர்சிக்கும் சீர்திருத்தவாதிகளின் வரிசையில் அவரைச் சேர்க்க இயலாமைக்கு இதுவே காரணம்.

இந்நூலின் மற்றக் குறிப்புகள் நகைப்பையும் நடுக்கத்தையும் ஒருங்கே தருவன. வீடு தீப்பற்றியபோது வெளியே ஆடவர் நின்றமையால் நகைப்பெட்டியுடன் கட்டிலுக்கடியில் ஒளிந்து எரிந்துபோன பெண்ணைப் பற்றி ஒரு குறிப்பு கூறுகிறது. மற்றொன்று கியூல் இருப்பூர்தி நிலையத்தில் நிகழ்ந்தது. புர்கா சிக்கித் தண்டவாளத்தில் விழுந்த உறவினப் பெண்ணைத் தூக்க வந்த கூலியாட்களை, அவரைத் தொடக்கூடாது என்று பணிப்பெண் தடுக்கிறாள். தனியொருத்தியாய் அவள் அரைமணி நேரம் முயன்றும் இயலாமற்போக, வண்டி புறப்பட்டு அப்பெண்ணை நசுக்குகிறது. ரொக்கேயா இங்கு அறிவுரை கூறவில்லை. கண்ணீரை வேண்டவும் இல்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு வைத்து ஒதுங்கிக்கொள்கிறார். கனவில் கற்பனையால் செய்ததை இங்கு நிகழ்ச்சிகளால் செய்கிறார்: பாதுகாப்பின் பெயரால் வந்த வழக்கம் உயிரையே பாதுகாக்கவில்லை என்று காட்டுகிறார்.

'பத்மராகம்' காட்டும் உலகு

1924இல் வெளிவந்த 'பத்மராகம்' நாவலே ரொக்கேயாவின் சமத்துவக் கருத்து முதிர்ந்த வடிவம் பெற்ற படைப்பு என்பது நம் மதிப்பீடு. இந்நாவலின் களம் தாரிணி பவன் என்னும் நிறுவனம். இந்துக்களும் முஸ்லிம்களும் பிரம்ம சமாஜத்தாரும் கிறித்தவர்களுமாகிய பெண்கள் அங்குக் கூடி வாழ்கின்றனர், கற்பிக்கின்றனர், கைத்தொழில் புரிகின்றனர், நோயாளரைப் பேணுகின்றனர். ஒவ்வொருத்தியும் தன் துன்பக் கதையைக் கூற, மற்றவர்கள் கேட்கின்றனர்.

அவர்களுள் ஹெலன் என்னும் ஆங்கிலப் பெண்ணின் கதை தனிக் கவனத்திற்குரியது. அவளுடைய கணவன் சித்தம் பிறழ்ந்தவன். எனினும் அவளுடைய நாட்டுச் சட்டம் அவளுக்கு மணவிலக்கு அளிக்கவில்லை. இங்கிலாந்தில் தீராத மனநோய் மணவிலக்குக்குரிய காரணமாக ஏற்கப்பட்டது 1937ஆம் ஆண்டின் சட்டத்தில்தான். அதற்குப் 13 ஆண்டுகளுக்கு முன்னரே கீழ்த்திசை முஸ்லிம் பெண்ணொருத்தி ஆங்கிலச் சட்டத்தின் கொடுமையைத் தம் நாவலில் பதிவு செய்தார். கீழ்த்திசைப் பெண்ணை மேற்கு மீட்கும் என்னும் காலனித்துவக் கூற்றுக்கு இதைவிட அமைதியான, வலுவான மறுப்பு வேறில்லை. மேரி கொரெல்லியின் ஆங்கில நாவலொன்றை வங்காளத்தில் 'டெலிசியா கொலை' என்னும் பொருள்படும் தலைப்பில் தழுவித் தந்ததும் இந்நோக்கிற்கு அரண் செய்கிறது. ஆணாதிக்கம் ஒரு சமயத்துக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று என்பது அவர் கண்ட உண்மை.

நாவலின் தலைவி சித்திக்காவின் திருமணம், சொத்துப் பேராசையால் தொடக்கத்திலேயே முறிந்தது. பின்னர் கணவன் லத்தீஃபுடன் அன்பு மலர்ந்து, இணைந்து வாழும் வாய்ப்பு வந்தபோதும் அவள் மறுத்துவிடுகிறாள். லத்தீஃப் தீயவன் அல்லன், அவள்பால் அன்புடையவன். வெறுப்பினால் மறுப்பது எளிது. அன்பு இருந்தும் தன்மதிப்பின் பொருட்டு மறுப்பதே அரிது. பெண்ணின் வாழ்வுக்குத் திருமணமே முடிவான இலக்கு அன்று என்பதை இம்மறுப்பு உணர்த்துகிறது. சுல்தானாவின் உலகில் ஆண்கள் அடைக்கப்பட்டனர். தாரிணி பவனில் எவரும் அடைக்கப்படவில்லை. பெண்கள் தம் உழைப்பாலும் தோழமையாலும் நிற்கின்றனர். தலைகீழாக்கத்திலிருந்து தற்சார்பை நோக்கி அவருடைய சிந்தனை நகர்ந்ததை இவ்விரு படைப்புகளுக்கும் இடைப்பட்ட தொலைவு காட்டுகிறது.

எழுத்தின் எல்லை

ரொக்கேயாவைப் போற்றுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அவர் எழுதிய பெண்கள் பெரும்பாலும் திரையிட்டு வாழும் வசதி படைத்த குடும்பத்தினர். கியூல் நிலைய நிகழ்ச்சியை மீண்டும் நோக்குவோம். தலைவியின் திரையைக் காக்கும் பணிப்பெண்ணோ கூலியாட்கள் முன்னிலையில் நிற்கிறாள், பேசுகிறாள், அவளைக் காண்பதால் எவர் மானமும் கெடுவதில்லை. ஒருத்தியின் மறைவு மற்றொருத்தியின் வெளிப்பாட்டினால்தான் காக்கப்படுகிறது. தோட்டத்திலும் வயலிலும் பிறர் வீட்டிலும் உழைத்த பெண்களுக்குத் திரையின் ஒடுக்குமுறை இல்லை; வறுமையின் ஒடுக்குமுறை இருந்தது. அந்தப் பணிப்பெண்ணுக்கு ஒரு பெயரோ கதையோ 'அவரோதவாசினி'யில் கிடைக்கவில்லை. அவளும் பெண்தானே என்னும் வினாவை நூல் எழுப்பவில்லை. ஆனால் நூலைக் கருத்தூன்றி வாசிப்பவர் எழுப்பாமல் இருக்க இயலாது. சமத்துவம் பேசிய பெரும்பாலான முதல் தலைமுறை எழுத்தாளர்களுக்குப் பொதுவான இவ்வெல்லையைச் சுட்டுவது அவருடைய பெருமையைக் குறைப்பதாகாது.

முடிவுரை

1932ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ரொக்கேயா மறைந்தார். பெண்ணின் உரிமை என்னும் தலைப்பிலான முடிவுறாத கட்டுரையொன்று அவருடைய மேசையில் இருந்தது. அவர் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1939இல், முஸ்லிம் பெண்கள் நீதிமன்றத்தின் வழி மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களை வரையறுத்த சட்டம் பிரித்தானிய இந்தியாவில் இயற்றப்பட்டது. சித்திக்காவைப் படைத்தவர் அதனைக் காண உயிரோடில்லை.

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, சுல்தானாவின் கனவில் வரும் தலைகீழாக்கம் ரொக்கேயாவின் இலட்சியம் அன்று, அது வாதக்கருவி. அவருடைய இலட்சியத்தைப் 'பத்மராக'த்தில் தேட வேண்டும். இரண்டாவது, அவருடைய சமத்துவக் கோரிக்கை காலனித்துவ ஆட்சி அளித்த கொடை அன்று. தம் சமூகத்தின் ஆண்களையும் அந்நிய ஆட்சியின் சட்டத்தையும் ஒரே அளவுகோலால் அளந்த சிந்தனை அது. மூன்றாவது, நீக்கப்பட்ட பத்திகளும் திரையிட்ட வண்டியும் அவருடைய தோல்விகள் என்றோ வெற்றிகள் என்றோ ஒரு சொல்லில் அடக்கத்தக்கவை அல்ல. அவற்றைக் கொடுத்து எட்டுச் சிறுமியரை எண்பத்து நால்வராக்கினார். அவ்விலை மிகையானதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு; ஆனால் மூடிய வண்டிக்குள் அமர்ந்து எழுத்தறியச் சென்ற அச்சிறுமியரை நினைவிற்கொண்டே அக்கேள்வியை நாம் கேட்க வேண்டும்.